ஏசி வேண்டாத வீடு

என் கணவருக்கு வீடு கட்டுவதுதான் தொழில். முப்பத்தோரு வருஷம் ஒரு கட்டுமான நிறுவனத்தில் சைட் இன்ஜினியராக இருந்தார். தி.நகரில் அவர் நின்று எழுப்பிய கட்டடங்கள் சில இருக்கின்றன, அடையாறில் அதைவிட அதிகம். பஸ்ஸில் போகும்போது நான் கேட்காமலேயே கையைக் காட்டி, "அது என்னுது" என்பார். யாரோ வாங்கி யாரோ குடியிருக்கும் வீடுகள்தான். ஆனாலும் அப்படித்தான் சொல்வார். பிறகு ஒரு கட்டத்தில் சொல்வதை நிறுத்திவிட்டார். எப்போது நிறுத்தினார் என்பதை அந்தச் சமயம் நான் கவனிக்கவில்லை.

சாந்தோமுக்கும் மந்தைவெளிக்கும் நடுவில் ஒரு சந்தில் என் அப்பா விட்டுப்போன பழைய வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரே மகள், கல்யாணமாகி பெங்களூருக்குப் போய்விட்டாள். அவர் ஓய்வு பெற்ற வருஷம் மழையில் கூடத்தின் மேல்தளம் ஒரு மூலையில் பெயர்ந்து விழுந்தது. ஆள் இல்லாத நேரம் என்பதால் தப்பித்தோம். இனி ஒட்டுப்போட்டுக் காலம் தள்ள முடியாது, பிரித்துக் கட்டத்தான் வேண்டும் என்று அவரே சொன்னார். மனையைப் புரோமோட்டரிடம் கொடுத்துவிட்டு, அவர் எழுப்பும் கட்டடத்தில் எங்கள் பங்குக்கு ஃப்ளாட் வாங்கிக்கொள்வோம் என்று நான் நினைத்திருந்தேன். எங்கள் சந்தில் எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாந்தோம் கோயிலில் காலைப் பூசை முடிந்து நடந்து வரும்போது, "நம்ம வீட்ட வேற மாதிரி கட்டலாம்னு இருக்கேன்" என்றார். கட்டும்போதும் சரி, குடியிருக்கும்போதும் சரி, அந்த வீட்டால் காற்றில் கரி ஏறக்கூடாது என்றார். சிமென்ட் வேண்டாம், புதுச் செங்கல் வேண்டாம், கம்பி வேண்டாம், ஏசி வேண்டாம், தேவையான மின்சாரத்தை மொட்டைமாடியிலேயே எடுத்துக்கொள்ளலாம். வாழ்நாள் முழுக்க சிமென்டில் நின்ற மனுஷன் இப்படிச் சொல்கிறாரே என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இது நடக்கிற காரியமா என்று கேட்டேன்.

"முழுசா முடியாது. எவ்வளவு கிட்ட போக முடியும்னு பாக்கணும்" என்றார்.

ஏன் என்று அன்று கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து அவராகவே சொன்னார். சில வருஷங்களுக்கு முன், கத்திரி வெயிலில், தி.நகரில் ஒரு கட்டடத்தின் நாலாவது தளத்துக்குக் காங்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். பதினோரு மணிக்கு மேல் ஆள் நிற்க முடியாத வெயில். சித்தாள் ஒருத்தி, முப்பது வயதுகூட இருக்காது, தலையில் சட்டியோடு அப்படியே சரிந்தாள். நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இவர் போகவில்லை. கலவை லாரி கீழே நின்றிருந்தது, ஆரம்பித்த தளத்தைப் பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் விரிசல் விடும். வேலையைத் தொடரச் சொன்னார். சாயங்காலம் தளம் முடிந்தபோது அவள் போய்விட்டாள் என்று செய்தி வந்தது. அவள் உடம்பில் இருந்த சூடு ஆஸ்பத்திரியில் வெகுநேரம் இறங்கவே இல்லையாம்.

அவள் பேரை என்னிடம் சொன்னார். இங்கே எழுதவில்லை. "இந்த ஊர அடுப்பாக்கினவன்ல நானும் ஒருத்தன்" என்றார். எத்தனை தடவை அந்தப் பக்கம் பஸ்ஸில் போயிருப்போம், அவர் ஜன்னலுக்கு வெளியே பார்க்காமல் உட்கார்ந்திருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்கு மேல் வீட்டைப் பற்றி நான் மறுபேச்சுப் பேசவில்லை.

பழைய வீட்டை இடிக்கவில்லை, பிரித்தோம். அதற்கே இரண்டரை மாதம் ஆனது. செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்து, ஒட்டியிருந்த பழைய காரையைச் சுரண்டி, முழுசாக இருந்ததை ஒரு பக்கமும் உடைந்ததை ஒரு பக்கமுமாக அடுக்கினார்கள். தேக்கு உத்தரங்களை இறக்கிச் சாய்த்துவைத்தார்கள். நாங்கள் இரண்டு தெரு தள்ளி வாடகைக்குப் போயிருந்தோம். பள்ளி விட்டு வரும் வழியில் பார்ப்பேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இவரும் கூலியாட்களோடு உட்கார்ந்து செங்கல் சுரண்டிக்கொண்டிருப்பார். சந்தில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். புல்டோசர் வைத்தால் ரெண்டு நாள் வேலை என்று எல்லோருமே சொன்னார்கள்.

அவரோடு பல வருஷம் வேலை பார்த்த மேஸ்திரி ஒருவர் இருந்தார். இவர் கூப்பிட்டதும் வேறு வேலையை விட்டுவிட்டு வந்தார். முதல் தகராறு அஸ்திவாரத்திலேயே வந்தது. எங்கள் பக்கம் கடல் மண். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். சுண்ணாம்புக் கலவையிலேயே அடியிலிருந்து எழுப்ப வேண்டும் என்பது இவர் பிடிவாதம். மேஸ்திரி பள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றபடி மேலே பார்த்துச் சொன்னார்:

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. தண்ணி வந்துகினே கீது. சுண்ணாம்பு காயவே காயாது. இத்த நம்பி நான் மேல செவுரு தூக்க மாட்டேன். நாளைக்கு டீச்சரம்மா தலயில வுழுந்தா யாரு பதில் சொல்றது?"

இவர் வெகுநேரம் கரையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் தெரியாததில்லை. மறுநாள் சிமென்ட் மூட்டைகள் வந்து இறங்கின, கம்பியும் வந்தது. தரைமட்டம் வரை காங்கிரீட்தான். அன்று ராத்திரி சாப்பிடும்போது, "ஆரம்பமே பொய்யாப் போச்சு" என்றார். நான் பரிமாறிக்கொண்டே, கிட்டப் போகலாம் என்றுதானே சொன்னீர்கள் என்று ஞாபகப்படுத்தினேன்.

அதற்கு மேலே சுண்ணாம்புதான். சுண்ணாம்புக்கு அவசரம் ஆகாது. ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவில் காத்திருக்க வேண்டும். காத்திருந்தபோது ஐப்பசி மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. கிழக்குச் சுவரில் போட்ட பூச்சு முழுக்கக் கரைந்து பால் மாதிரி சந்தில் ஓடியது. தார்ப்பாய் போட்டும் நிற்கவில்லை. மழை விட்டதும் திரும்பவும் பூசினார்கள். பழைய உத்தரங்களில் இரண்டு உள்ளே செல்லரித்திருந்தன. அவற்றுக்கு ஈடாகப் பழைய மரக்கடைகளில் ஒரு மாதம் அலைந்தார். சோலார் பலகைகள் வந்தபோது அவை எங்கோ கடல் தாண்டிக் கப்பலில் வந்தவை என்று தெரிந்து அதற்கும் வருத்தப்பட்டார். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் முகம் வாடும், மறுநாள் காலையில் மறுபடி கிளம்பிவிடுவார். ஒன்பது மாதம் என்று நினைத்தது இரண்டு வருஷம் இழுத்தது. அந்த இரண்டு வருஷத்தில் அவர் இளைத்துவிட்டார். சாயங்காலங்களில் வறட்டு இருமல் ஒன்று தொடங்கியிருந்தது. சுண்ணாம்புத் தூசு என்று நினைத்தோம்.

வீடு முடிந்தது. பங்குச் சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். கீழே கூடமும் இரண்டு அறையும் சமையலறையும், மேலே ஒரு அறையும் மாடியும். அவ்வளவுதான். ஜன்னல்களை எல்லாம் கடல்காற்று வரும் கிழக்குத் திசை பார்த்து வைத்திருந்தார். எதிர்ச் சுவரில் மேலே துவாரங்கள், உள்ளே ஏறும் சூடு அந்த வழியாக வெளியே போக. மே மாதம் நடுப்பகலில் வெளியிலிருந்து உள்ளே வந்தால் கோயிலுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். நாலு மணிக்குக் கடல்காற்று வரும்போது கூடத்தில் காலண்டர் படபடக்கும். முதல் கோடையில் மின்விசிறியைக்கூடப் பாதி நேரம் போடாமல் இருந்தோம். அப்படியும், மின்வாரியத்துக்கு எங்கள் சோலார் கொடுத்ததைக் கழித்தால் மீட்டரில் கொஞ்சம் யூனிட் நிற்கும், அதைப் பூஜ்யமாக்கிவிட வேண்டும் என்பார். மேஸ்திரி ஒரு நாள் தன் வீட்டம்மாவைக் கூட்டிவந்து ஒவ்வொரு அறையாகக் காட்டினார். என் கணவர் பின்னாலேயே நடந்தார். அவர் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அப்படி இரண்டு கோடை போயின. எங்களுக்குக் கிடைத்தது அந்த இரண்டுதான்.

கிழக்குப் பக்கத்து வீடு என் பள்ளித்தோழியுடையது. மயிலாப்பூர்க் குடும்பம். அவள் கணவர் தவறிய பிறகு பிறந்த வீட்டோடு வந்துவிட்டவள். இரண்டு அண்ணன்மார் அமெரிக்காவில். ஒரு நாள் மத்தியானம் வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்காத்த புரோமோட்டர்ட்ட கொடுக்கறதா முடிவாயிடுத்துடி. அண்ணாக்கள் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டா. அஞ்சு மாடி. நான் வேண்டாம்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

என்னைப் பார்த்துச் சொன்னாலும் அவள் பேசியது என் கணவரிடம்தான். அவர் அந்தக் காற்றை நம்பித்தான் வீட்டைக் கட்டினார் என்பது அவளுக்குத் தெரியும். அவர் நாற்காலியை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"உங்க மனை, நீங்க கட்டறீங்க. இதுல என்ன இருக்கு? நான் இத்தன வருஷமா எத்தன பேர் வீட்டுக் காத்த அடைச்சிருக்கேன். அவங்கள்லாம் என்கிட்ட வந்து சொன்னாங்களா? நீங்க வந்து சொல்றீங்க" என்றார்.

அவள் அழுதுவிட்டாள். அவள் போன பிறகு அவர் மாடிக்குப் போய்க் கிழக்கே பார்த்தபடி நின்றார். சாப்பிடக் கூப்பிடப் போனவள், கூப்பிடாமலேயே இறங்கி வந்துவிட்டேன்.

அவள் வீட்டை இரண்டே நாளில் இடித்தார்கள். சுவர்கள் மொத்தமாகச் சரிந்த சத்தத்தில் எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. செங்கலும் மரமும் ஓடும் ஒன்றாகக் கலந்து லாரிகளில் போயின. பிறகு ஒன்றரை வருஷம் தூசு. சைட் சூப்பர்வைசர் முன்பு இவரிடம் வேலை பார்த்தவர். இவரைக் கண்டதும் "சார்" என்று ஓடி வந்தார். பச்சை வலையை இரண்டு மடிப்பாகக் கட்டினார், நாளுக்கு மூன்று முறை தண்ணீர் தெளிக்க ஏற்பாடு செய்தார். மனுஷனால் ஆனதைச் செய்தார். ஆனாலும் சிமென்ட் தூசு எங்கள் கூடத்தில் மாவு சலித்த மாதிரி படிந்தது. ஜன்னல்களை மூடினோம். ஜன்னலைத் திறந்தால்தான் அந்த வீட்டுக்கு உயிர். மூடியதும் சூடு உள்ளேயே நின்றது. கட்டடம் ஒவ்வொரு தளமாக உயர உயர, மாடியில் காலை வெயில் விழும் நேரம் குறைந்தது. மூன்றாவது தளம் வந்தபோது மத்தியானத்துக்கு மேல்தான் சோலார் பலகைகளுக்கு வெயில்.

இருமல் நிற்கவில்லை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. முதலில் சளி என்றார்கள், பிறகு ஆஸ்துமாவாக இருக்கலாம் என்றார்கள். கடைசியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரல் தழும்பேறி இறுகிவருகிறது, இறுகியது திரும்ப இளகாது என்று சொன்னார். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். இவர் சொன்னார். டாக்டர் எதையோ எழுதினார். அதுதான் காரணமா என்று நான் கேட்டதற்கு, உறுதியாகச் சொல்ல முடியாதும்மா என்றார். ஆட்டோவில் வரும்போது இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கச்சேரி ரோடு நெரிசலில் ஆட்டோ நின்றுகொண்டே இருந்தது.

நானும் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த சமயம், வீட்டுக்கு ஆக்ஸிஜன் பெட்டி வந்தது. ஒரு சின்ன அலமாரி உயரம். காற்றை உள்ளே இழுத்து, ஆக்ஸிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். இரவும் பகலும் கரண்ட் இழுக்கும். பக்கத்துக் கட்டட நிழலில் எங்கள் பலகைகள் பாதி நேரம் சும்மா கிடந்தன. அதை மூக்கில் மாட்டிய முதல் நாள் அவர் கேட்டது, இது எத்தனை வாட்ஸ் என்பதைத்தான். நான் பெட்டியின் பின்னால் ஒட்டியிருந்ததைப் படித்துச் சொன்னேன். கண்ணை மூடி மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். எனக்கு அந்த நிமிஷம் அவர் மேல் கோபமே வந்தது.

அடுத்த கத்திரி வெயிலுக்கு முன்பு டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். தூசு வரக் கூடாது, ஜன்னல் மூடியிருக்க வேண்டும். அறை குளுமையாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வேண்டுமென்றால் ஏசி இல்லாமல் முடியாது. இவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும், "பக்கத்துல பூச்சு வேலை முடிஞ்சா தூசு அடங்கிடும். ஒரு மாசம் பாக்கலாம்" என்றார். நான் ஈரத் துணியை ஜன்னலில் கட்டினேன், தரையில் தண்ணீர் தெளித்தேன், டேபிள் ஃபேன் முன்னால் ஐஸ் பாத்திரம் வைத்தேன். மகள் போனில் என்னைத் திட்டினாள். "அப்பா சொல்றாருன்னு நீயும் கேட்டுட்டு இருக்கியா?" என்று கத்தினாள். அவள் கேட்டது சரிதான்.

ஒரு மத்தியானம் கடைக்குப் போய்விட்டு வந்தேன். கட்டிலில் அவர் இல்லை. குளியலறைத் தரையில் சட்டையில்லாமல் படுத்திருந்தார். ஆக்ஸிஜன் குழாய் எட்டுகிற தூரத்தில், வீட்டிலேயே சில்லென்று இருந்த இடம் அதுதான். உதடு நீலமாக இருந்தது. என்னைப் பார்த்ததும், "ஒண்ணுமில்ல, கொஞ்சம் குளுமையா இருக்குன்னு..." என்று ஆரம்பித்தார், முடிக்க மூச்சு வரவில்லை. அவரைத் தூக்கி உட்காரவைத்து முதுகை நீவினேன். முதுகெலும்பு ஒவ்வொன்றும் கையில் தட்டுப்பட்டது.

அவரிடம் கேட்கவில்லை. ஏசி விற்கும் கடைக்குப் போன் பண்ணினேன், மேஸ்திரிக்கும் போன் பண்ணினேன். மறுநாள் காலை ஏசிக்காரர்கள் துளை போடும் இயந்திரத்தோடு வந்தபோது மேஸ்திரி குறுக்கே நின்றார். இது சுண்ணாம்புச் சுவர், கண்டபடி துளைத்தால் பாளம் பாளமாக விழும், நானே போடுகிறேன் என்றார். உளியும் சுத்தியலும் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு தடவை பூசிய அந்தக் கிழக்குச் சுவரில் ஒரு ஓட்டை போட்டார். தூசு பறக்காமல் இருக்க ஈரச் சாக்கைப் பிடித்துக்கொண்டு செய்தார். அடுத்த அறையிலிருந்து என் கணவர் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு மேஸ்திரி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "வரேன் டீச்சரம்மா" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

"என்னக் கேக்கலயே நீ" என்றார் இவர்.

"கேட்டா வேணாம்பீங்க."

"ஆமா."

"நீங்க மூச்சு விடணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றேன்.

அவர் கையை நீட்டினார். அந்த அறையில் கட்டிலைப் போட்டுப் படுக்கவைத்தேன். அரை மணி நேரத்தில் தூங்கிப்போனார். பல வாரங்களுக்குப் பிறகு மூச்சிரைப்பு இல்லாமல் தூங்கியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இதை இரண்டு மாதத்துக்கு முன்பே செய்திருக்கலாமே என்ற நினைப்பு அப்போது வந்தது. இன்றுவரை போகவில்லை.

மூன்று நாள் கழித்து, ஏசிக்காக வெளியே ஓடும் மிஷினின் சூடு எங்கே போகிறது என்று கேட்டார். நான் அதை யோசிக்கவே இல்லை. எட்டிப் பார்த்தேன். கிழக்குச் சுவரில் மாட்டியிருந்த மிஷின் நேரே பக்கத்துக் கட்டடத்தின் கீழ்த்தளத்தைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தது. அங்கே படிக்கட்டுக்குக் கீழே ஒரு அறையில் வாட்ச்மேன் குடும்பம் குடிவந்திருந்தது. திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர்கள். கைக்குழந்தைக்கு வெளியே தூளி கட்டியிருந்தார்கள். அந்தப் பெண்ணிடம் விசாரித்தேன். "பரவால்லம்மா, சாருக்கு உடம்பு முடியலன்னு சொன்னாங்க. நாங்க தூளிய அந்தாண்ட மாத்திக்கிட்டோம்" என்றாள். அந்தாண்டை என்றால் பைக்குகள் நிறுத்தும் இடம், வெயில் நேராக அடிக்கும்.

அதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அவர் கேட்டு நான் பொய் சொன்னதில்லை. மிஷினை மொட்டைமாடிக்கு மாற்றச் சொன்னார். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, குழாய் நீளமாகும், குளிர்ச்சி குறையும், கரண்ட் இன்னும் அதிகமாக இழுக்கும் என்றான்.

"ஆகட்டும்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "கரண்ட் கூட ஆனா ஆகட்டும். அந்தக் கொழந்த மேல ஊத வேணாம்" என்றார்.

வீணாக ஒரு பல்பு எரிந்தால் எழுந்து போய் அணைக்கிற மனுஷர். மிஷின் மாடிக்குப் போயிற்று. சோலார் பலகைகளுக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள், அங்கேதான் இடம் இருந்தது.

அந்தக் கோடை முழுக்க எங்கள் வீடுதான் அந்தச் சந்திலேயே அதிகம் கரண்ட் இழுத்திருக்கும். அவர் அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை. ஒரே ஒரு தடவை, நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, ஒருத்தன் மட்டும் தனியாக இதைச் செய்ய முடியாது போலிருக்கிறது, முன்பே தெரிந்திருந்தால் சந்தில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசியிருப்பேன் என்றார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றேன். அவர் லேசாகச் சிரித்தார்.

ஐப்பசி மழை தொடங்கிய வாரம், ஒரு காலை வேளையில் இறந்தார். பக்கத்துக் கட்டட வேலை அதற்குள் முடிந்திருந்தது. வெளியே மழை. ஜன்னலைத் திறக்கச் சொன்னார், திறந்தேன். மகள் தலைமாட்டில் நின்றிருந்தாள், நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எந்த நிமிஷத்தில் போனார் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. ஆக்ஸிஜன் பெட்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மகள்தான் போய் அதை அணைத்தாள்.

அடக்கம் முடிந்து மகள் என்னை பெங்களூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு மாதம் இருந்தேன். திரும்பி வந்த மறுநாள் மீட்டர் பார்க்கிற ஆள் வந்தார். வருஷக்கணக்காக வருகிறவர். குறித்துக்கொண்டு, "வீடு பூட்டியே இருந்துச்சாம்மா? இந்தத் தடவ ஒண்ணும் இழுக்கல. நீங்கதான் எங்களுக்குக் குடுத்திருக்கீங்க, கழிச்சா பூஜ்யம்" என்று சாதாரணமாகச் சொன்னார். சார் எங்கே என்று அப்புறம் கேட்டார். சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மீட்டர்காரர் போன பிறகு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். மனுஷர் இருந்தவரை வராத பூஜ்யம் ஆளில்லாத வீட்டுக்கு வந்துவிட்டது. அதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. மகளிடம்கூடச் சொல்லவில்லை.

தோழி இப்போது பக்கத்துக் கட்டடத்தில் இரண்டாவது மாடியில் இருக்கிறாள். சாயங்காலம் வருவாள், நான் ஜெபமாலை சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து பேசிவிட்டுப் போவாள். வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி மகள் சொல்கிறாள். ஒரு புரோமோட்டர் இரண்டு தடவை வந்துவிட்டுப் போனார், நல்ல மாதிரியாகத்தான் பேசினார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. பிடிவாதம் என்று மகள் நினைக்கிறாள். எனக்கே காரணம் தெரியவில்லை.

இந்த மே மாதம் ஒரு மத்தியானம் என்னால் தாங்க முடியவில்லை. தலை சுற்றியது, நெஞ்சு படபடத்தது. அவர் படுத்திருந்த அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, எனக்காக முதல்தடவையாக ஏசியைப் போட்டேன். முதலில் அவமானமாக இருந்தது. பிறகு குளிர் வந்தது, தூக்கமும் வந்தது. இரண்டு மணி நேரம் தூங்கியிருப்பேன். எழுந்து அணைத்துவிட்டுக் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் இருந்திருந்தால் திட்டியிருக்க மாட்டார். எழுந்து வந்து, இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று சொல்லியிருப்பார். அது தெரிந்ததால்தான் அழுதேன்.